முப்பத்தேழாவது சால்

என் நிலத்துக்குத் தெற்கே ஐந்து ஏக்கர் முள் மண்டிக் கிடக்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் என் கரும்பு ஆளை மறைத்து நிற்கும். அந்தப் பக்கம் வேலிக்காத்தானும் எருக்கும். நடுவில் ஒரு கிணறு, நல்ல கோடையிலும் ஊற்று நிற்காத கிணறு. திருவாலங்காட்டு வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டு என்னைக் கேட்காமல் போவதில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் இவ்வளவு சம்பாதித்தவன், ஒட்டினாற்போல் இருக்கிற இதை ஏன் விட்டுவைத்தாய் என்பார்கள். வில்லங்கம் என்று சொல்லி மழுப்புவேன். எண்பது தாண்டிவிட்டது. இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது? அது என் அக்காவின் நிலம். அவள் அதை ஏன் விட்டுப் போனாள், நான் அதில் கால் வைக்கக்கூடாது என்று ஏன் சொன்னாள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அந்த வருஷம் நைனா, எங்கள் அப்பா, போய்விட்டார். அவர் விட்டுப்போனது ஒரு மண்வெட்டியும் இரண்டு ஏக்கர் பாறையும். பாறை என்றால் பாறைதான், புல்லுக்குக்கூட அங்கே வேலை இல்லை. அந்தப் பாறையில் நான் கிணறு வெட்டினேன். ஆள் வைத்து வெட்டியதாக நினைக்க வேண்டாம். உளியால் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடிவந்து குப்புறப் படுத்துக்கொண்டவன் நான். மூன்று கோடை அப்படிப் போயிற்று. இடது கையில் இரண்டு விரலும் போயின. நான்காவது கோடையில் தண்ணீர் வந்தது. கரும்பு வைத்தேன், ஆலை போட்டேன், வெல்லம் காய்ச்சினேன். அரக்கோணம் சந்தையில் மொட்டைவிரல்காரன் வெல்லம் என்று கேட்டு வாங்கினார்கள். இருபத்தெட்டு வயதில் ஒன்பது ஏக்கர் எனக்கு. தாலுகா ஆபீசில் பேனா பிடித்தவன் எவனாவது அதைச் செய்து காட்டட்டும்.

எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஊரார் எங்களை வடுகர் என்பார்கள். இங்கே வந்து எத்தனை தலைமுறை என்று எங்களுக்கே தெரியாது. வடக்கே எங்களுக்கு ஒரு சாண் மண் கிடையாது. புத்தூர், நகரிப் பக்கம் போய் வாய் திறந்தால் எங்கள் தெலுங்கைக் கேட்டுச் சிரித்து, அரவக்காரன் வந்துவிட்டான் என்பார்கள், அரவம் என்றால் அவர்களுக்குத் தமிழ். இங்கே திரும்பினால் வடுகன். எங்களுக்கு இருந்தது இந்தக் கொல்லைதான். கொல்லை என்று எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைச் சொல்வோம்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். நைனா போன பிறகு என்னை ஆளாக்கியது அவள். கிணற்றில் நான் வெடித்த பாறையையெல்லாம் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவந்து கொட்டியவள் அவள்தான். கல்யாணம் ஆனபோது, தம்பியை விட்டு வரமாட்டேன், இங்கேயே நிலம் பாருங்கள் என்று பாவாவிடம், அதாவது தன் புருஷனிடம், சொல்லிவிட்டாள். பாவா புத்தூர்ப் பக்கத்துக்காரர். தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கே விட்டுவிட்டு வந்து, என் நிலத்தை ஒட்டி இந்த ஐந்து ஏக்கரை வாங்கினார். நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஊர் ஒரு மைல் தள்ளி. பிள்ளை இல்லை. அக்காவுக்கு அந்த நிலமும் நானும்தான்.

பாவாவிடம் ஒரு படியாள் இருந்தான். வருஷம் முழுக்க ஒரே வீட்டுக்கு உழைத்துவிட்டுப் படிக்கணக்கில் தானியம் வாங்கிப் போகிறவன் படியாள். சேரியிலிருந்து வந்தவன், பாவாவைவிடப் பத்து வயது பெரியவன். நிலம் வாங்கிய நாளிலிருந்து பதினெட்டு வருஷம் இருந்தான். நிலத்தின் மூலையில் பனைமரத்தடியில் அவனும் அவன் பெண்சாதியும் ஒரு குடிசையில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. குடிசைக்குப் பின்னால் புதைத்து, மேலே இரண்டு கல் வைத்திருந்தார்கள்.

அவன் வேலை கவலை ஓட்டுவது. இன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் குறைவு. கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு பாதை. இரண்டு மாடுகள் அந்தச் சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டு, தோல் வாய் வைத்த பெரிய இரும்பு வாளியான சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். மாட்டைப் பின்னால் நடத்துவது எல்லாராலும் ஆகாது. இவனால் ஆகும். மூக்கணாங்கயிற்றைத் தொடாமல், பேச்சிலேயே நடத்துவான். ஒவ்வொரு சாலுக்கும் ஒரு எண் சொல்லிப் பாடுவான். நூறு சாலுக்கு ஒருமுறை மடை மாற்றுவார்கள். பாட்டைக் கேட்டே எத்தனையாவது சால் என்று என் நிலத்திலிருந்து எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனியுங்கள். கூலியாட்கள் முன்னால் வீட்டு விஷயம் பேசவேண்டுமானால் தெலுங்கில் பேசிக்கொள்வது எங்கள் வழக்கம். யாரை நிறுத்துவது, யாருக்கு எதைக் கொடுக்காமல் விடுவது, யார் பெண்சாதி எப்படி, எல்லாம் அவர்கள் நிற்கும்போதே பேசுவோம். அவர்களும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தெலுங்கு எங்களுக்குப் பூட்டிய அறை மாதிரி. அந்த அறைக்குள் உட்கார்ந்து யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொன்னோம். எங்கள் மாடுகளிடம்கூடத் தெலுங்கில்தான் பேசினோம். அந்த மாடுகளைப் பதினெட்டு வருஷம் ஓட்டியவனுக்குத் தெலுங்கு தெரியாது என்றும் நம்பினோம்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம். வைகாசி மாதம், நல்ல வெயில். நானும் பாவாவும் கிணற்றடிப் பூவரச நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பத்தடி தள்ளி அவன் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வருஷம்தான் நான் ஆயில் இன்ஜின் வாங்கியிருந்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் முதல் இன்ஜின் என்னுடையது. அதைப் பார்க்க ஆர்.கே. பேட்டையிலிருந்தெல்லாம் வந்தார்கள். பாவாவையும் வாங்கச் சொல்லி வற்புறுத்திக்கொண்டிருந்தேன்.

பாவா தயங்கினார். இன்ஜின் வந்தால் இவனை என்ன செய்வது என்றார். அவருக்கு அவன்மேல் பாசம் என்று சொல்ல மாட்டேன், பழக்கம்.

நான் சொன்னேன், தெலுங்கில்தான்:

"இவனா? தோளு போயிடுச்சு இவனுக்கு. தை மாசம் கரும்பு வெட்டுற வரைக்கும் வெச்சுக்கோ பாவா. அப்புறம் பெண்சாதியோட அனுப்பிடு. அந்தக் குடிசை இருக்கிற இடம் ஆலைக் கொட்டாய்க்கு நல்ல இடம்."

பாவா, அங்கே குழந்தைகளைப் புதைத்திருக்கிறானே என்றார்.

"ரெண்டு உழவு ஓட்டினா எல்லாம் சமமாயிடும்" என்றேன். சிரித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பாவாவும் சிரித்தார்.

அவன் மாடுகளைப் பின்னால் நடத்திக்கொண்டிருந்தான். சால் கொட்டியது. முப்பத்தேழு என்று பாடினான். மாடுகள் மேடேறி, மறுபடி இறங்கி, சால் வந்து கொட்டியது. மறுபடியும் முப்பத்தேழு என்று பாடினான்.

எனக்குக் காது கூர்மை. கணக்கில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தமிழில் அதட்டினேன்: "டேய், முப்பத்தேழை ரெண்டு தபா சொல்றியே, தூங்கிகினு ஓட்றியா?"

"ஆங், தப்புதாங்க ஆண்டே" என்றான். முப்பத்தொன்பது என்று எடுத்துக்கொண்டு மேலே போனான். தப்பைப் பிடித்துவிட்டேன் என்று பாவாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். நான் பிடித்தது எதை என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்காரனுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே மலைமேல் இருக்கும். ஆனால் நிலத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கிளம்பிவிட முடியாது. மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். பாவா வீட்டில் எப்போதும் இருந்தவன் படியாள்தான். அந்த வருஷம் அவன் வந்து, ஒரு வேண்டுதல் இருக்கிறது, காவடி எடுக்க வேண்டும், ஒரே ஒரு நாள் விடுங்கள் என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் கோயிலுக்குள் போகலாம் என்று அப்போது சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறை கேட்கிறான் என்று பாவா விட்டுவிட்டார். தேங்காய்கூடக் கொடுத்தாராம். நான் இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று அக்காவையும் என்னோடு அனுப்பினார்.

நான் பூக்காவடி எடுத்திருந்தேன். வெல்லம் நல்ல விலைக்குப் போன வருஷம், அதனால் பெரிய காவடி. படியேறி மேலே போனபோது பகல் பன்னிரண்டு இருக்கும். கூட்டத்தில் ஓரமாக அவன் நின்றிருந்தான். குளத்தில் மூழ்கிய ஈரத்தலை, மஞ்சள் துணி, தோளில் சின்னக் காவடி. சன்னதிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காதான் முதலில் பார்த்தாள். உள்ளே போகவில்லையா என்று கேட்டாள். போறேம்மா என்றான். முகத்தைத் திருப்பவில்லை.

அவன் பார்த்த பக்கம் அக்காவும் பார்த்தாள். தூரத்தில், திருவாலங்காட்டு வழியில், வெள்ளையாக ஒரு புகை நின்றது.

"நம்ம கொல்லைப் பக்கமா தெரியுதே" என்றாள்.

யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்றேன். அதற்குள் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய காவடி எடுத்தவர்களுக்கு மாலை போட்டு முன்னால் நிறுத்துவார்கள். பாறையை உடைத்து முன்னுக்கு வந்தவனுக்கு அந்த மாலை சும்மா கிடைத்ததில்லை. அக்கா என் கையைப் பிடித்து, போய்விடலாம் என்றாள். மாலை வாங்கிக்கொண்டு போகலாம் என்றேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மாலையோடு வெளியே வந்தபோது புகை கறுத்து, அகலமாகியிருந்தது. அவன் அந்த இடத்தில் இல்லை.

ஓடினோம். அத்தனை கூட்டத்துக்கு எதிராகப் படியிறங்கினோம். நாங்கள் போய்ச் சேரும் முன்பே வழியில் சேதி வந்துவிட்டது.

பாவா கவலைச் சரிவில் கிடந்தார். மாடுகள் இறங்குகிற பாதையில், தலை கீழாக. அவருடைய மண்வெட்டியாலேயே அடித்திருந்தார்கள். வைக்கோல் போர் எரிந்து சாம்பலாக நின்றது. வடக்கயிற்றை அறுத்து, கிணற்றுக்குள் சாலைத் தள்ளியிருந்தார்கள். மாடுகளைக் காணோம். வாய்க்கால் சேற்றில் நாலைந்து பேர் நடந்த தடம். வீட்டுக்குள் பித்தளைச் சாமான்கள் சில போயிருந்தன, அவ்வளவுதான். நகைப்பெட்டியைத் தொடவில்லை. அக்கா அழவில்லை. சரிவில் உட்கார்ந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் கழுத்தில் இருந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

யார் வந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வாரமே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் திருட்டு என்றார்கள். எங்கள் ஜனங்கள், நிலத்தில் வீடு வைத்திருந்த தெலுங்குக் குடியானவர்கள், வேறு மாதிரிச் சொன்னார்கள். மாகாணத்தைப் பிரிக்கப் போகிறார்கள், திருத்தணி யாருக்கு என்று இரண்டு பக்கமும் மேடை போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம். கடைத்தெருவில் எங்களைப் பார்த்து, வடக்கே வண்டி எப்போ கிளம்புது என்று கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருந்தார்கள். அதனால் இது எங்களைத் துரத்துகிற வேலை, இன்றைக்கு இவர், நாளைக்கு நாம் என்று பேச்சு பரவியது. சேரியில் என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பாவா சட்டென்று கை நீட்டுகிறவர். கடலை பறிக்க வருகிற பெண்களைச் சாயந்திரம் வரிசையாக நிறுத்தி மடியை உதறச் சொல்லுவார், இரண்டு கடலை விழுந்தால் மாட்டுச் சாட்டையால் ஒரு வீச்சு. அன்றைக்கு எல்லாரும் செய்தது அது. நானும் செய்தேன். அதற்காக ஒரு மனிதனைக் கொல்லுவார்களா என்று கேட்டால் எனக்கு இன்றும் பதில் தெரியாது.

மண்டிக் கொட்டகையில் எங்கள் ஆட்கள் கூடினார்கள். பேசத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தும் எழுந்து பேசியவன் நான். படிக்காதவன் பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. நாம் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, பாறையைத் தின்று வாழ்ந்தவர்கள், இந்த மண்ணை விட்டுப் போகமாட்டோம் என்றேன். சேரியாட்களுக்கு இனி வேலை கிடையாது, நகரிப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவருவோம் என்றேன். அன்றையிலிருந்து நான் தலைவன். அந்த மழைக்காலம் முழுக்கச் சேரியில் அடுப்பு சரியாக எரியவில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டு, சரிதான் என்று இருந்தேன்.

கடைசியில் யாரோ கேட்டார்கள், பதினெட்டு வருஷம் நகராத படியாள் அன்றைக்குப் பார்த்து எப்படி நகர்ந்தான் என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், அவனைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் நாலு பேர் அவனைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அடிக்கவில்லை. கதவண்டை நின்றேன். யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். தெரியாது என்றான். எவ்வளவு கேட்டும் அதே சொல். வலது தோள் விட்டுப்போன சத்தம் கதவுவரை கேட்டது. பிறகு போலீசிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் கேட்டுப் பார்த்து, அவன் மலைமேல் நின்றதைப் பார்த்தவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். அந்த நூறு பேரில் நானும் ஒருவன்.

இவ்வளவுக்கும் நடுவில் அக்கா அந்த வீட்டிலேயே இருந்தாள். என் வீட்டுக்கு வா என்றேன், வரவில்லை. புத்தூரிலிருந்து பாவாவின் தம்பிகள் வண்டி கட்டி வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அவர் ரத்தம் விழுந்த இடம், நான் பயிர் வைக்கிறேன் என்றாள். எனக்கும் அதுதான் வேண்டும். அக்கா போய்விட்டால் எனக்கு ஒட்டுறவு என்று இந்தப் பக்கம் யாரும் இல்லை. அதோடு, பங்காளிகள் கைக்கு நிலம் போனால் யார் வந்து உட்காருவானோ! அக்காவைப் போகவிடக்கூடாது, அது ஒன்றுதான் அந்த மாதங்களில் என் மனசில் இருந்தது. அவளுக்காக ஒரு இன்ஜின் சொல்லி வைத்தேன். ஆலைக் கொட்டகைக்கு மரம் வெட்டி வைத்தேன். குடிசையைக் காலி செய்வது மட்டும் மிச்சம்.

ஐப்பசியில் ஒருநாள் காலையில் அதற்காகப் போனேன். அக்காவும் கூட வந்தாள். அவளுக்கு அவன்மேல் சந்தேகம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவனைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை. அவன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையோ மாதிரி. பெண்சாதி உள்ளே இருந்தாள்.

இந்த வாரத்துக்குள் இடத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று தமிழில் சொன்னேன். அக்காவிடம் திரும்பித் தெலுங்கில், பயப்படாதே, பேசாமல் போய்விடுவான் என்றேன்.

அவன் எழுந்தான். என்னைப் பார்த்துச் சொன்னான்:

"மீரு செப்பிந்தி வின்னானு."

நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்று அர்த்தம். சுத்தமான தெலுங்கு. என் தெலுங்கைவிட நன்றாக இருந்தது. பாவா பேசுகிற புத்தூர்த் தெலுங்கு அது, அவரிடமிருந்தே பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் தெலுங்கிலேயே பேசினான். கோபமாகப் பேசவில்லை. வைகாசி மாதம் பூவரச மரத்தடியில் நான் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் தவறாமல் திருப்பிச் சொன்னான். தோள் போனது, தை மாசம், ஆலைக் கொட்டகை, இரண்டு உழவு. நான் சிரித்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொன்னியா?"

வேலை விஷயமாகப் பேசினோம் என்றேன்.

"பிள்ளைங்களப் பொதச்ச எடத்தச் சொன்னியா?"

அவள் அவனிடம் கேட்டாள், அன்றைக்கு அவர்கள் வருவார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று. அவள் கேட்டது தமிழில். அவனும் தமிழுக்கு வந்துவிட்டான்.

"வருவாங்கன்னு தெரியாதும்மா. சாமி சத்தியமா தெரியாது. நான் இருந்தா வரமாட்டாங்கன்னு தெரியும். எத்தினி தபா வரப்பண்ட வந்து நின்னானுங்க. பொண்டாட்டிய அடிச்சதுக்கு ஒருத்தன், அக்கா தங்கச்சிய அடிச்சதுக்கு ஒருத்தன். போங்கடா, அவரு உப்பத் துன்றேன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். பதினெட்டு வருசம் அனுப்பினேன். அன்னிக்கு ஒரு நாளு இருக்க வேணான்னு தோணிச்சி. அவ்ளோதாம்மா நான் செஞ்சது."

என் கையில் தடி இருந்தது. ஓங்கினேன் என்பதை மறைக்கவில்லை. அக்கா நடுவில் வந்து நின்றாள். அவள் அவனைக் காப்பாற்ற நின்றாளா, என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றாளா, அந்த முகத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தடியைக் கீழே போட்டேன்.

மூன்றாம் நாள் புத்தூருக்குப் போக வண்டி வரவழைத்தாள். அவனையும் அவன் பெண்சாதியையும் கூப்பிட்டு, இஷ்டமிருக்கிறவரை இருக்கலாம், அந்தக் கல் இரண்டையும் யாரும் தொடமாட்டார்கள் என்று சொன்னாள். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: இந்த நிலத்தில் உன் ஏரும் இறங்கக்கூடாது, உன் தண்ணீரும் பாயக்கூடாது. அவனை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அவன் கும்பிட்டபோது அவள் பார்க்கவில்லை. அவன் மலைக்குப் போனதால் அவள் புருஷன் செத்தார், நான் பேசியதால் அவன் மலைக்குப் போனான். அவளுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். ஆனால் அவன் வெளியாள். நான் தம்பி.

படியாளும் பெண்சாதியும் அடுத்த கோடைக்குள் எங்கோ போய்விட்டார்கள். ஒரு கைக்கு யார் வேலை கொடுப்பார்கள்? குடிசை மழையில் கரைந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். சிலர் விற்றுவிட்டு வடக்கே போய், அங்கே அரவக்காரன் என்று பெயர் வாங்கினார்கள். நான் நகரவில்லை. லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கினேன். ஐம்பது வருஷம் நிலத்திலேயே இருந்தேன், ஒரு பயல் வரப்பைத் தாண்டவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கூலியாட்களிடம் நான் தெலுங்கில் பேசுவதை அன்றோடு விட்டதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லைச் சண்டை வந்தபோதெல்லாம் என்னை மேடையில் ஏற்றினார்கள். தமிழ்க்காரன் வெறுப்புக்கு உயிர் கொடுத்த குடும்பம் என்று பேசினேன். கை தட்டினார்கள். திருத்தணி கடைசியில் தமிழ்ப் பக்கம் வந்தது. அப்போது இந்தப் பக்க மேடையில் ஏறி, நானும் தமிழன்தான் என்று பேசினேன். அதற்கும் கை தட்டினார்கள்.

புத்தூருக்குப் போன பிறகு அக்காவை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். என் பெரிய மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் புத்தூருக்குப் போனேன். பட்டு வேட்டி, கையில் பழத்தட்டு, பின்னால் ஒரு தட்டு நிறைய என் கொல்லை வெல்லம். கொழுந்தன் வீட்டில், முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. சுற்றிலும் எல்லாரும் தெலுங்கு பேசுகிற வீடு. அக்கா, நான் வந்திருக்கிறேன் என்று தெலுங்கில் சொன்னேன். நைனா இருந்த நாளிலிருந்து நாங்கள் பேசிய பேச்சு அது. கிணற்றுக்குள் நான் இறங்கியபோது மேலேயிருந்து, பத்திரம்டா என்று அவள் கூவிய பேச்சு.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கடலை பறிக்க வந்த ஆட்களிடம் பேசுகிற தமிழில், இன்னும் கொஞ்சம் மரியாதையாக, சொன்னாள்:

"வாங்க. உக்காருங்க. இன்னா விசயமா வந்தீங்க?"

பத்திரிகையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அவள் இறந்துபோனதை எனக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை. நிலம் இப்போது அவள் கொழுந்தன் பிள்ளைகள் பேரில் இருக்கிறது. எவ்வளவு கேட்டுப் பார்த்தும் எனக்கு மட்டும் கொடுக்கமாட்டோம் என்கிறார்கள்.